வெள்ளவத்தையில் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்குக் கட்டுப்படியான காப்புறுதி: ஆலோசனை தேவை

ஹம்டன் ஒழுங்கை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தை ஹம்டன் ஒழுங்கையில் என் தந்தையார் 1970களில் கட்டிய இரண்டு மாடி வீடு இப்போது என் பெயரில் இருக்கிறது. நான் திருமணமாகித் தெகிவளைக்கு வந்தபின் அம்மா மட்டும் அங்கே இருந்தார். அவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கீழ்த்தளத்தை ஒரு குடும்பத்துக்கும், மேல்தளத்தை யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்திருக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஆசிரியர் ஓய்வூதியத்தைத் தவிர எனக்கு இருக்கும் ஒரே வருமானம் இந்த வாடகைதான்.

அடுத்த மாதம் காப்புறுதியைப் புதுப்பிக்க வேண்டும். வந்திருக்கும் கடிதத்தில் கட்டணம் சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. அதற்கு மேல் 18 வீதம் பெறுமதி சேர் வரியும் இருக்கிறது. இங்கிலாந்தில் இருக்கும் என் மைத்துனர், வாடகை வீட்டு உரிமையாளர்களுக்கென்றே தனியான காப்புறுதி உண்டு, அதை எடுங்கள் என்கிறார். ஆனால் காலி வீதியில் நான் ஏறியிறங்கிய மூன்று நிறுவனங்களிலும் வீட்டுக் காப்புறுதியோ தீக்காப்புறுதியோதான் இருப்பதாகச் சொன்னார்கள். வழக்கமாக வரும் முகவர் தம்பி, காப்புறுதித் தொகையைப் பாதியாக்கினால் கட்டணமும் பாதியாகிவிடும் என்று ஒரு வழி சொல்கிறார். அவர் சொல்வது சரிதானா? அனுபவம் உள்ளவர்கள் அருள்கூர்ந்து சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டியான் எழுதியது:

அக்கா, நானும் அப்படித்தான் செய்து வருகிறேன். முழு வீடும் ஒரேயடியாக எரிந்து சாம்பலாவது அரிது. வருவதெல்லாம் இரண்டு இலட்சம், ஐந்து இலட்சம் என்ற அளவிலான சேதங்கள்தான். அவற்றுக்குப் பாதித் தொகை தாராளமாகப் போதும். வீணாக ஏன் முழுத் தொகைக்கும் கட்ட வேண்டும்?

ஓய்வுபெற்ற மதிப்பீட்டாளர் எழுதியது:

தம்பி பம்பலப்பிட்டியான் மனம் நோகக்கூடாது. ஆனால் இந்த ஆலோசனையை மறுக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. நட்ட மதிப்பீட்டாளராக நான் பல ஆண்டுகள் பணி செய்தவன். சனங்கள் கண்ணீர் விட்டதை நான் அதிகம் கண்டது இந்த ஒரு விடயத்தில்தான்.

தீக்காப்புறுதிப் பத்திரங்களில் சராசரி நிபந்தனை என்று ஒன்று இருக்கும். வீட்டை இன்றைக்கு மீளக் கட்டுவதற்கு 2 கோடி ரூபா தேவை என்றும், நீங்கள் 1 கோடிக்கு மட்டும் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் தீப்பிடித்து 20 இலட்சம் ரூபா சேதமாகிறது. 20 இலட்சம் என்பது 1 கோடிக்கு எவ்வளவோ குறைவுதானே, முழுவதும் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில், இருக்க வேண்டிய தொகையில் பாதிக்குத்தான் நீங்கள் காப்புறுதி செய்திருப்பதால், எந்தச் சேதத்திலும் பாதிதான் கிடைக்கும். அதாவது 10 இலட்சம். அதிலும் எக்ஸஸ் எனப்படும், நீங்களே பொறுக்க வேண்டிய பகுதியைக் கழித்துவிடுவார்கள். மீதிப் பாதிக்கு நீங்களே உங்களுக்குக் காப்புறுதி நிறுவனமாக இருந்திருக்கிறீர்கள் என்பதே இதன் கணக்கு. ஆகவே சிறிய சேதங்களுக்குப் பாதித் தொகை போதும் என்ற வாதம் முதற்படியிலேயே தவறு.

அம்மா ஹம்டன் ஒழுங்கை, உங்களிடம் ஒரு கேள்வி. இப்போது பத்திரத்தில் இருக்கும் தொகை எங்கிருந்து வந்தது? யார் மதிப்பிட்டது, எந்த ஆண்டில், எதற்காக? இதற்கு விடை தெரியாமல் கட்டணத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. 2022க்கு முன்னர் போட்ட தொகை என்றால் நீங்கள் ஒன்றும் குறைக்காமலேயே அது ஏற்கெனவே குறைந்துவிட்டது. அந்த ஆண்டில் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது சீமெந்து, கம்பி, வயர், தரையோடு, குளியலறைப் பொருட்கள் எல்லாமே கூடவே ஏறின. 2019இல் சரியாக இருந்த ஒரு தொகை இன்றைக்கு முழு வீட்டையும் எழுப்பாது.

கொட்டாஞ்சேனை அம்மா எழுதியது:

ஐயா சொன்னது தொகையைப் பற்றி. நான் பட்டது வேறொரு விடயத்தில்.

எங்கள் வீட்டின் மேல்தாங்கிக்குப் போகும் குழாய் ஓர் இரவில் வெடித்தது. வாடகைக்கு இருந்த குடும்பம் ஊருக்குப் போயிருந்தது. காலையில் பக்கத்து வீட்டுக்காரர் அழைத்து நான் போய்க் கதவைத் திறந்தபோது கூரைப் பலகைகள் வயிறு வைத்தாற்போலத் தொங்கிக்கொண்டிருந்தன. சுவரில் இருந்த மின்விளக்கு ஆளியைத் தொட்டால் விரல் ஈரமாகியது. கோரிக்கை கொடுத்து நான்காம் நாள் மதிப்பீட்டாளர் வந்தார். வந்தவர் முதலில் பார்த்தது கூரையை அல்ல. வாசலில் அடுக்கியிருந்த, எங்களுடையதல்லாத செருப்புகளையும் மேசையிலிருந்த பாடசாலைப் பைகளையும் பார்த்துவிட்டு, இங்கே குடியிருப்பவர் யார் என்றுதான் கேட்டார். வாடகைக்கு இருக்கிறார்கள் என்று உண்மையைச் சொன்னேன். பத்திரத்தை எடுத்துக் காட்டினார். அதில் உரிமையாளரின் சொந்தக் குடியிருப்பு என்று இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன், நாங்கள் அங்கே வசித்த காலத்தில், நான் ஒப்பமிட்ட படிவத்திலிருந்து வந்த சொற்கள் அவை. வாடகைக்கு விட்டதை ஒருபோதும் அறிவிக்கவில்லை. கோரிக்கையை நிராகரித்துக் கடிதம் வந்தது. முகவருக்கு வாடகை விடயம் நன்றாகத் தெரியும்; ஆண்டுதோறும் பணம் வாங்க வாடகைக்காரர் இருந்த அதே வாசலுக்குத்தான் வந்தார். ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது எழுத்தில் இருக்கவில்லை.

ஹம்டன் ஒழுங்கை எழுதியது:

வாசித்ததும் எழுந்து போய்ப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். என்னுடையதிலும் அதே சொற்கள்தான் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளாக எதற்குப் பணம் கட்டினேன் என்று நினைக்க வயிற்றைக் கலக்குகிறது.

ஐயா, வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்று சொன்னால் கட்டணம் மிகவும் ஏறிவிடுமா? வாடகைக்காரர் பணம் கட்டாமல் போனாலோ, வேண்டுமென்று பொருட்களை உடைத்தாலோ அதற்கும் சேர்த்துக் காப்பு எடுக்க முடியுமா?

ஓய்வுபெற்ற மதிப்பீட்டாளர் எழுதியது:

அறிவிப்பதால் கட்டணம் சற்றுக் கூடலாம், சில நிறுவனங்களில் கூடாமலும் இருக்கலாம். எவ்வளவு கூடினாலும் அறிவிக்காமல் கட்டும் முழுப் பணமும் வீண் என்பதால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. புதுப்பிக்கும் நாள்வரை காத்திராமல் நாளைக்கே கடிதம் எழுதுங்கள். கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம், மேல்தளத்தில் நான்கு மாணவர்கள், சாப்பாடு கொடுப்பதில்லை என்று விவரமாக எழுதுங்கள். சாப்பாட்டுடன் போடிங் நடத்துவதாக அவர்கள் விளங்கிக்கொண்டால் வணிக இடமாகக் கணக்கிடக்கூடும். பதிலாக வரும் புறக்குறிப்பை, அதாவது பத்திரத்தின் மாற்றத்தைப் பதிவு செய்யும் தாளை, வாங்கிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். முகவரிடம் தொலைபேசியில் சொல்வது அறிவித்தலாகாது.

உங்கள் மைத்துனர் சொல்லும் வகைக் காப்புறுதி இங்கே தனிப் பெயரில் அரிதாக இருந்தாலும், அதன் பெரும் பகுதிகளைத் தீக்காப்புறுதியுடன் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு அவசியமானவை என்று நான் இரண்டைச் சொல்வேன். ஒன்று வாடகை இழப்பு. தீயாலோ வெள்ளத்தாலோ வீடு குடியிருக்க முடியாமல் போனால், திருத்தி முடியும்வரை வராமற்போகும் வாடகையை இது தரும். வாடகையை நம்பி வாழும் ஒருவர் இதை விடக்கூடாது. எத்தனை மாதங்களுக்கு என்பதை மட்டும் பார்த்து எடுங்கள். பழைய வீட்டைத் திருத்த மூன்று மாதம் போதாது. மற்றையது மூன்றாம் ஆளுக்கான பொறுப்பு. மேல்மாடிக் கைப்பிடிச் சுவர் பெயர்ந்து, வாடகைப் பிள்ளைகளைப் பார்க்க வந்த ஒருவர் காயப்பட்டால் வழக்கு உங்கள் மீதுதான் வரும்.

வாடகைக்காரர் பணம் கட்டாமல் விடுவதற்கு வாடகை இழப்புப் பிரிவு உதவாது. கட்டடம் சேதமாகியதால் நின்ற வாடகை மட்டுமே அதில் அடங்கும். வாடகைக்கு இருப்பவரே எதையாவது எடுத்துக்கொண்டு போனால் களவுக் காப்பும் பொதுவாகப் பயன்படாது, ஏனெனில் அது கதவை உடைத்து வலிந்து நுழைந்ததற்கான அடையாளத்தைக் கேட்கும். இந்த இரண்டுக்கும் உங்கள் பாதுகாப்பு நீங்கள் வாங்கும் முற்பணமும், நொத்தாரிசு முன் எழுதும் ஒப்பந்தமும், வீட்டைக் கையளிக்கும் அன்று இருவரும் ஒப்பமிட்ட பொருட்பட்டியலும், படங்களும்தான்.

தொடர்மாடிச் செயலாளர் எழுதியது:

தொடர்மாடியில் வீடு வைத்திருப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடி வீட்டு உடைமைச் சட்டத்தின்படி, கட்டடத்துக்குத் தீக்காப்புறுதி எடுப்பது முகாமைக் கூட்டுத்தாபனத்தின், அதாவது வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த அமைப்பின், கடமை. நீங்கள் மாதாமாதம் கட்டும் பராமரிப்புப் பணத்தில் அந்தக் கட்டணமும் இருக்கிறது. அதை அறியாமல் தனியாகவும் சுவருக்கும் கூரைக்கும் காப்புறுதி எடுத்து இரண்டு முறை பணம் கட்டும் உரிமையாளர்கள் எங்கள் கட்டடத்திலேயே பலர் இருந்தார்கள். முதலில் உங்கள் செயலாளரிடம் பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். நடப்பில் இருக்கிறதா, தொகை போதுமா, வீட்டின் உள்ளே நீங்கள் செய்வித்த சமையலறை அலுமாரி, பொய்க்கூரை போன்றவை அடங்குமா என்று பாருங்கள். அடங்காதவற்றுக்கும் வாடகை இழப்புக்கும் பொறுப்புக்கும் மட்டும் தனியாக எடுத்தால் செலவு வெகுவாகக் குறையும். பிரதி கேட்டால் தர மறுக்கும் நிர்வாகத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். தொடர்மாடி முகாமைத்துவ அதிகாரசபையிடம் முறையிடலாம்.

கொலன்னாவை எழுதியது:

வெள்ளத்தைப் பற்றி எவரும் எழுதவில்லையே. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது எங்கள் வாடகை வீட்டில் யன்னல் மட்டம்வரை தண்ணீர் நின்றது. அடுத்த ஆண்டு மே மாதத்திலும் நாட்டில் வெள்ளம், 2025 நவம்பரில் டித்வா புயலோடு மறுபடியும் களனி பெருகியது. கட்டணத்தைக் குறைக்கத் தேவையில்லாத பிரிவுகளை நீக்குங்கள் என்று சொல்லும்போது பலர் முதலில் நீக்குவது வெள்ளத்தைத்தான். கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலைப் பக்கம் இருப்பவர்கள் அதைச் செய்யவே கூடாது. வெள்ளம் வந்த வீடா என்று படிவம் கேட்டால் உள்ளதை எழுதுங்கள். இயற்கை அனர்த்தங்களுக்கு எக்ஸஸ் பொதுவாகச் சேதத்தின் ஒரு வீதமாக இருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்த வரி கண்ணில் பட்டது காசோலை கைக்கு வந்த பிறகுதான்.

வெள்ளவத்தையிலும் கால்வாயோரத்து ஒழுங்கைகளில் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறுவதுண்டு. அக்கா, உங்கள் ஒழுங்கையில் எப்படி?

ஹம்டன் ஒழுங்கை எழுதியது:

எங்கள் வாசல் உயர்ந்தது. எனக்கு நினைவு தெரிந்து வீட்டுக்குள் தண்ணீர் வந்ததில்லை. ஆனாலும் நீக்க மாட்டேன்.

எனக்கு இன்னொன்று கேட்க வேண்டும். பத்திரத்தில் வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் என்று தனியான ஒரு வரி இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணமும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் கொஞ்சம் மிஞ்சும் என்கிறார் முகவர் தம்பி. 1983 ஜூலையில் எனக்குப் பத்து வயது. அந்த ஒழுங்கையின் முனையில் நின்ற புகையை நான் பார்த்தவள். அந்த வரியின் மேல் கோடு போட என் கை வரவில்லை, ஆனால் உணர்ச்சியால் தவறான முடிவு எடுக்கிறேனா என்றும் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற மதிப்பீட்டாளர் எழுதியது:

தவறே இல்லை, அம்மா. 2022 மே 9ஆம் நாள் மாலை தொடங்கி எத்தனை வீடுகள் எரிந்தன என்பதை நாடே பார்த்தது. சாதாரண தீக்காப்பு கலவரத்தில் மூட்டப்படும் தீயை ஏற்காது. இந்தப் பிரிவு இருந்தால்தான் ஏற்கும். இந்தக் காப்பை அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் தாங்குகிறது. நிறுவனங்கள் கட்டணத்தை வசூலித்து அதற்குச் செலுத்துகின்றன. ஆகவே இந்த வரியில் எந்த நிறுவனத்திடமும் பேரம் பேச இடமில்லை. மற்ற வரிகளில்தான் பேச வேண்டும்.

பேசும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முகவர் தன் நிறுவனத்துக்காக வேலை செய்பவர். தரகர் உங்களுக்காகப் பல நிறுவனங்களிடம் விலை கேட்பவர். பதிவு பெற்ற நிறுவனங்களின், தரகர்களின் பட்டியல்களை இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு வெளியிடுகிறது. அதில் இல்லாத எவரிடமும் பணம் கொடுக்காதீர்கள். எல்லோரிடமும் ஒரே தாளைக் கொடுங்கள். அதே காப்புறுதித் தொகை, அதே பிரிவுகள், அதே எண்ணிக்கையான வாடகை மாதங்கள். இல்லாவிட்டால் வருகிற விலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. மலிவாகத் தெரிவதில் ஏதோ ஒரு பிரிவு காணாமற்போயிருக்கும். சிறிய சேதங்களை நீங்களே தாங்க முடியுமென்றால் எக்ஸஸைக் கூட்டிக்கொண்டு கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். நேர்மையாகக் கட்டணம் குறையும் வழிகளில் அதுவும் ஒன்று.

கேஸ் அடுப்பைப் பற்றியும் கேளுங்கள். 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் சமையலறைகளில் எரிவாயு வெடித்தது மறந்திராது. வீட்டுப் பாவனைக்கான எரிவாயு வெடிப்பு வழமையான தீக்காப்பில் அடங்கும். ஆனால் வாடகைக்காரர் வீட்டிலிருந்து சாப்பாடு சமைத்து விற்கிறார் என்றால் அதையும் அறிவிக்க வேண்டும்.

பம்பலப்பிட்டியான் எழுதியது:

ஐயா, நேற்றிரவு என் பத்திரத்தை எடுத்து நீங்கள் சொன்ன சராசரி நிபந்தனையைத் தேடினேன். ஆறாம் பக்கத்தில், நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. தவறான ஆலோசனை சொன்னதற்கு அக்கா மன்னிக்க வேண்டும். நான் நாளை தொகையை உயர்த்தப் போகிறேன்.

ரொறன்ரோவிலிருந்து எழுதியது:

வெளிநாட்டில் இருந்துகொண்டு கொழும்பில் வீடு வைத்திருக்கும் என் போன்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வாடகைக்காரர் போய் அடுத்தவர் வரும்வரை வீடு பூட்டிக் கிடக்கும் அல்லவா? குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் காப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை பல பத்திரங்களில் இருக்கிறது. எனதில் 30 நாட்கள். முன்கூட்டி அறிவித்தால் நீட்டித் தருகிறார்கள். எனக்காகச் செயற்பட அற்றோணித் தத்துவம் பெற்ற சித்தப்பாவுக்கு இதை அறிவிக்கும் அதிகாரம் தத்துவத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று நான் பார்த்தேன், எழுதப்பட்டிருக்கவில்லை. புதிதாக எழுத வேண்டி வந்தது.

கொட்டாஞ்சேனை அம்மா எழுதியது:

நிராகரிப்புக் கடிதம் வந்தால் என்ன செய்யலாம் என்பதையும் யாராவது எழுதி வைத்தால் பின்னால் வருபவர்களுக்கு உதவும். நான் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் அழுதுகொண்டிருந்தேனே தவிர வேறொன்றும் செய்யவில்லை.

ஓய்வுபெற்ற மதிப்பீட்டாளர் எழுதியது:

முதலில் அந்த நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் மேன்முறையீடு செய்ய வேண்டும். அங்கே தீராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம்; முறையிடுபவரிடம் பணம் வாங்குவதில்லை. அம்மா, உங்கள் விடயத்தில் படிவத்தில் ஒப்பம் இருந்ததால் வழி குறுகலாகத்தான் இருந்திருக்கும், ஆனாலும் கேட்டிருக்கலாம். முகவர் வாடகை வீடு என்று அறிந்தே ஆண்டுதோறும் பணம் வாங்கினார் என்பதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஹம்டன் ஒழுங்கை எழுதியது:

மூன்று வாரங்களின் பின் எழுதுகிறேன். உதவிய எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஐயா கேட்ட கேள்விக்கு விடை தேடினேன். பத்திரத்தில் இருந்த தொகை, 2023இல் என் மகன் வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தபோது மதிப்பீட்டாளர் எழுதிய அறிக்கையிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. அந்த அறிக்கையை விரித்துப் பார்த்தால் பெரும் பகுதி காணியின் பெறுமதி. வெள்ளவத்தையில் ஒரு பேர்ச் காணி விற்கும் விலை உங்களுக்குத் தெரியும். எரியவோ இடியவோ முடியாத ஒன்பது பேர்ச் நிலத்துக்கு மூன்று ஆண்டுகளாகத் தீக்காப்புறுதி கட்டியிருக்கிறேன். அதே நேரத்தில், வாடகைக்காரர் இருப்பது எழுதப்படாததால், வீட்டுக்குக் காப்பு இருக்கவில்லை.

மகனும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடா பிடித்து இரண்டு தளங்களையும் அளந்தோம். தெரிந்த கட்டட ஒப்பந்தக்காரரிடம் இன்றைய சதுர அடிச் செலவைக் கேட்டுப் பெருக்கி, மதில், தண்ணீர்த் தாங்கி, இடிபாடு அகற்றும் செலவு எல்லாவற்றையும் கூட்டினோம். காணி இல்லாமல் வந்த அந்தத் தொகை பழையதைவிட நன்றாகவே குறைவு. அதைக் கொண்டு ஒரு தரகர் மூலம் நான்கு நிறுவனங்களிடம் ஒரே தாளில் விலை கேட்டோம். வாடகைக்காரர் விவரம், 12 மாத வாடகை இழப்பு, மூன்றாம் ஆள் பொறுப்பு, வெள்ளம், கலவரக் காப்பு எல்லாம் சேர்த்தும், வரியோடு, எனக்கு வந்த புதுப்பித்தல் கடிதத்தைவிடக் குறைவாக இரண்டு நிறுவனங்கள் தந்தன. ஒன்றைத் தெரிவு செய்திருக்கிறேன். பத்திரத்தில் வாடகைக் குடியிருப்பு என்று அச்சிட்டிருப்பதை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.

அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. சமையலறை வயர்கள் அப்பா காலத்தவை என்பதால் அனுமதி பெற்ற மின்னியலாளரின் பரிசோதனை அறிக்கை வேண்டுமாம். சனிக்கிழமை அவர் வருகிறார். மேல்மாடிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நடப்பதால் மின்சாரத்தைக் காலை பத்து மணிக்குப் பிறகு நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.